பழுதைக் கண்டபின் பாகம் வாங்குக: ஒரு புல்வெட்டி வண்டி தந்த பாடம்

சோமனூரை அடுத்த ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தபோது, பழுதுபார்ப்புச் செலவுக் கணக்கில் ஒரே இயந்திரத்தின் பெயரில் மூன்று பற்றுச்சீட்டுகள் இருக்கக் கண்டோம். முதலாவது புதிய பாட்டரிக்கு, இரண்டாவது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு, மூன்றாவது காயிலுக்கு. மூன்றும் சேர்ந்து ரூ. 14,000-ஐத் தாண்டின. அதே கோப்பில் நான்காவது தாளாக ஒரு தீர்மான வரைவும் இருந்தது. “மேற்படி இயந்திரம் பயனற்றுப் போய்விட்டபடியால், அதனைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடலாம்” என்பது அதன் சாரம்.

அச்சீட்டுகளில் முதல் இரண்டின்மீது, முந்திய ஆய்வின்போது, “பார்வையிடப்பட்டது, சரி” என்று எழுதிக் கையொப்பமிட்டவர் நாமே. கூட்டுத்தொகை சரியாக இருந்தது. நிர்வாகக் குழுவின் ஒப்புதல் இருந்தது. கடைக்காரரின் முத்திரையும் இருந்தது. ‘என்ன பழுது கண்டு இப்பாகத்தை வாங்கினீர்கள்?’ என்னும் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்கவில்லை. அதைக் கேளாததன் விலை என்ன என்பதை அங்கத்தினர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

புல்வெட்டி வண்டி

அந்த இயந்திரம் ஓட்டுபவர் மேலே அமர்ந்து செலுத்தும் பழைய புல்வெட்டி வண்டி. முன்புறம் ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இருக்கைக்குக் கீழே தட்டுப் போன்ற மூடி. அதனுள் சுழலும் கத்தி. மழைக்குப் பின் தென்னந்தோப்புகளில் முழங்காலளவு புல் எழுகின்றது. களைக்கு ஆள் தேடினால், கையும் காலும் உள்ளவரெல்லாம் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறிவிட்டிருக்கின்றனர். ஆகவே சங்கம் இவ்வண்டியைப் பழைய விலைக்கு வாங்கி, அங்கத்தினர்களின் தோப்புகளுக்கு மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டது. இரண்டாண்டுகள் நன்றாக ஓடியது. பிறகு நின்றது.

நெசவாள அங்கத்தினர்கள், ‘புல் வெட்டும் வண்டிக்கும் எமக்கும் என்ன?’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இவ்வியந்திரத்தின் பிறப்பிடமே நெசவுத் தொழில்தான். இங்கிலாந்தில், கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற ஸ்ட்ரௌடு என்னும் ஊர்ப்பகுதியில், துணியின் மேல் எழுந்து நிற்கும் மயிரைச் சீராக வெட்டிச் சமன்செய்யும் இயந்திரம் ஆலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட எட்வின் பட்டிங் என்பவர், ‘துணியின் மயிரை வெட்டுவது தரையின் புல்லையும் வெட்டாதா?’ என்று எண்ணி, 1830-ஆம் ஆண்டில் முதல் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கையால் தள்ள வேண்டும். ஏறத்தாழ எழுபதாண்டுகள் கழித்து, 1902-இல், இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வளர்ப்போர் அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். புல்வெட்டி வண்டி எல்லோரிடமும் இராது. ஆனால் பவர் வீடர், பிரஷ் கட்டர், பெட்ரோலில் ஓடும் மருந்துத் தெளிப்பான் ஆகியவற்றுள் ஒன்றேனும் பலர் வீட்டில் உண்டு. அவற்றின் எஞ்சினுக்குள் பொறி பிறக்கும் விதமும் இவ்வண்டியில் பிறக்கும் விதமும் பெரும்பாலும் ஒன்றே. கயிற்றை இழுத்து ஓட்டுவதா, பாட்டரியால் ஓட்டுவதா என்பது மட்டுமே வேறுபாடு.

பொறி பிறக்கும் விதம்

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: எரிபொருளும் காற்றும் கலந்த கலவை, அதனை அழுத்தும் அமுக்கம், உரிய நொடியில் ஒரு பொறி. இங்கே பொறியைப் பற்றியே பேசுகின்றோம்.

எஞ்சினின் மேல்மூடிக்குள் சுழலும் கனத்த சக்கரத்தை மெக்கானிக்குகள் பிளைவீல் என்பர். அதன் விளிம்பில் ஒரு காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். அதனையொட்டி, தொடாமல், மிகச் சிறிய இடைவெளியில் நிற்பது காயில். காயிலுக்குள் கனமான கம்பிச் சுற்று ஒன்று. அதன்மேல் மயிரினும் மெல்லிய கம்பியால் பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட மற்றொன்று. காந்தம் காயிலைக் கடக்கும்போது முதற் சுற்றில் மின்சாரம் பாய்கின்றது. அதனைச் சட்டென்று அறுத்துவிட்டால் இரண்டாம் சுற்றில் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேலான அழுத்தம் எழுந்து, பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்கின்றது. இந்த உயர் அழுத்த மாக்னெட்டோவை ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் பொறியியலாளர் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கியதும் 1902-இல்தான். நம் நாட்டில் 1951-இல் தொடங்கப்பெற்ற மைகோ நிறுவனம் பாஷின் துணையுடன் பிளக்குகளைச் செய்தது. 2008 முதல் அதன் பெயர் பாஷ் லிமிடெட்.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது: இவ்வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் பாட்டரி பொறியைத் தருவதில்லை. அது எஞ்சினைச் சுழற்றிவிடுவதோடு சரி. பொறியைத் தருவது காந்தம். ஆயினும் பாட்டரி சோர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுழன்றால், காந்தமும் மெதுவாகக் கடக்கும், பொறி பிறக்காது.

இரண்டாவது, பலரும் மறப்பது: காந்தம் சுழலும்வரை பொறி பிறந்துகொண்டே இருக்குமாதலால், எஞ்சினை நிறுத்துவதற்குப் பொறியைத் தடுக்க வேண்டும். அதற்காகக் காயிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சாவிக்குச் செல்கின்றது. சாவியை அணைத்தால் அக்கம்பி வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்து, அதாவது எர்த் ஆகி, பொறி அவிகின்றது. இதனை நிறுத்து கம்பி என்று அழைப்போம். அதே கம்பியோடு பாதுகாப்பு விசைகளும் சேர்க்கப்பட்டிருக்கும். கத்தி ஓடும்போது ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பிரேக்கை மிதிக்காமல், கத்தியை விலக்காமல் ஸ்டார்ட் ஆகாது.

ஆகவே ‘பொறி வரவில்லை’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பொறி பிறக்கவில்லை. மற்றொன்று, பிறக்கும் பொறி எங்கோ தடுக்கப்படுகின்றது. முதலாவதற்குப் பாகம் வேண்டும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பொறுமை மட்டுமே வேண்டும்.

தறிக்காரர் சொன்ன சொல்

அவ்வண்டியின் ஓட்டுநர் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். முப்பதாண்டுகள் கூலிக்கு விசைத்தறி ஓட்டியவர். கூலி உயர்வு கேட்டு 2022-இல் நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின், அவர் வேலை பார்த்த கூடத்தின் தறிகள் இரும்புக்குப் போயின. அவர் இவ்வண்டிக்கு வந்தார். வண்டி நின்றபின், ‘இவர் ஏறினால்தான் நிற்கிறது, பட்டறையில் நன்றாக ஓடுகிறது’ என்ற பேச்சு சங்கத்தில் பரவிவிட்டது. மெக்கானிக்கும் அவ்வாறே சொன்னாராம். வண்டி விற்கப்பட்டால் அவருக்கும் வேலை இல்லை. ஆயினும் அவர் முகத்தில் கண்டது வேலை போகும் வருத்தத்தினும் பெரிதாக, கைராசி இல்லாதவர் என்று பெயர் வாங்கிய வருத்தமே.

“அண்ணா, தறி நின்றுபோனால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டோம்.

“நூலைத்தான் பாப்போமுங்க சார். ஊடை அறுந்திருக்கான்னு பாப்போம், தார் தீர்ந்திருக்கான்னு பாப்போம். எடுத்ததும் மோட்டாரைக் கழட்ட மாட்டோமுங்க” என்றார்.

ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானே நிறுத்தும் அமைப்பு விசைத்தறியில் இருப்பதை நெசவாளர் அறிவர். தறி நின்றதென்றால் அது கெட்டுவிட்டது என்று பொருளில்லை. தன் கடமையைச் செய்தது என்றும் பொருளாகலாம். புல்வெட்டி வண்டியின் பாதுகாப்பு விசைகளும் அத்தகையனவே. அவருடைய ஒரு சொல்லே நமக்கு வழிகாட்டியாயிற்று.

முதலில் நோயின் வகையை அறிக

கருவிப் பெட்டியைத் திறக்குமுன் வண்டி என்ன செய்கின்றது என்று ஓட்டுநரிடம் கேட்டறிய வேண்டும். நான்கு வகையுள் ஒன்றாகவே விடை இருக்கும்.

ஒன்று: சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலவே இல்லை.
இரண்டு: சுழல்கின்றது, பற்றவில்லை.
மூன்று: பற்றி ஓடுகின்றது, சூடானபின் நின்றுவிடுகின்றது.
நான்கு: கல்லிலோ கட்டையிலோ கத்தி மோதியபின் பற்றவில்லை, அல்லது வெடித்துத் திருப்பி உதைக்கின்றது.

இவ்வகை பிரியாமல் பாகம் வாங்குவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

எஞ்சின் சுழலாவிடில்

பாட்டரியிலிருந்து தொடங்குக. 12 வோல்ட் பாட்டரி முழுச் சார்ஜில், ஓய்ந்திருக்கும்போது, மல்டிமீட்டரில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதற்குச் சார்ஜ் தேவை. புதிய பாட்டரி தேவை என்பது அதன் பிறகே முடிவாகும். முனைகளில் வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்குக. கழற்றும்போது மைனஸ் முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள்க. பாட்டரியிலிருந்து சட்டத்துக்குச் செல்லும் எர்த் கம்பியின் அடியில் துரு ஏறினாலும் எஞ்சின் சுழலாது. இதனைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

பின்னர் பியூஸ். பிறகு பிரேக் மிதியின் விசை, கத்தியின் விசை ஆகியன. பிரேக்கை நன்கு மிதித்து, கத்தியை விலக்கியபின் சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒரே ஓசை கேட்டு மோட்டார் சுழலாவிடில், சாலினாய்டு அல்லது கனத்த கம்பிகளின் இணைப்பில் குறை இருக்கலாம். ‘டக டக டக’ என்று அடித்துக்கொண்டால் பெரும்பாலும் பாட்டரியே சோர்ந்திருக்கின்றது. ஸ்க்ரூ டிரைவரால் சாலினாய்டின் இரு முனைகளையும் இணைத்து ஓட்டிக் காட்டுவோர் உளர். பாதுகாப்பு விசைகள் அனைத்தையும் தாண்டி மின்சாரம் பாயும் செயல் அது. கியர் விழுந்திருந்தால் வண்டி ஆள்மேல் பாயும். செய்யற்க.

ஓர் எச்சரிக்கை. பற்றாத எஞ்சினைத் தொடர்ந்து சுழற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. ஐந்தாறு நொடிகள் சுழற்றி, சிறிது நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். நாம் கண்ட மூன்று பற்றுச்சீட்டுகளின் கதையே இதுதான். பொறி தடைப்பட்ட எஞ்சினை விடாமல் சுழற்றியதால் பாட்டரி தீர்ந்தது. ‘பாட்டரி போய்விட்டது’ என்று புதியது வாங்கினர். புதிய பாட்டரியின் வலிமையோடு மேலும் சுழற்றியதால் ஸ்டார்ட்டர் மோட்டார் கருகியது. அதனையும் மாற்றினர். மூலப் பழுது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

சுழன்றும் பற்றாவிடில்

பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக், எஞ்சினின் உள்ளே நடப்பதை வெளியே வந்து சொல்லும் சாட்சி. முனை பெட்ரோலில் நனைந்து மணக்குமானால் எரிபொருள் வருகின்றது. பொறியில் ஐயம் கொள்க. உலர்ந்து சுத்தமாக இருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டரையும் குழாயையும் பார்க்க. கரி படிந்து கறுத்திருந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் எண்ணெய் மேலேறுகின்றது.

பிளக்கின் இரு முனைகளுக்கிடையே இருக்க வேண்டிய தூரம், இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில், சுமார் 0.75 மில்லிமீட்டர். பீலர் கேஜால் அளந்து சரிசெய்க. உங்கள் எஞ்சினுக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும்.

பொறி வருகின்றதா என்று பார்க்க, பிளக் கம்பிக்கும் எஞ்சினுக்கும் இடையில் மாட்டும் சிறு சோதனைக் கருவி கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. அது இல்லாதவர், பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சினின் இரும்பைத் தொடுமாறு வைத்துச் சுழற்றிப் பார்க்கின்றனர். அவ்வாறு செய்வோர் பிளக் இருந்த துளைக்கு அருகில் அதனை வைக்கலாகாது. துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். பொறி பட்டால் தீப்பிடிக்கும். கையால் பிளக்கைப் பிடித்தலும் ஆகாது. நீலநிறத்தில், ஓசையுடன் பாயும் பொறி நல்ல பொறி. பிளக் பழையதாயின், காயிலைக் குறைகூறுமுன் ஒரு புதிய பிளக்கைப் போட்டுப் பார்ப்பதே சிக்கனம்.

நிறுத்து கம்பியின் சோதனை

புதிய பிளக்கிலும் பொறி இல்லையெனில், காயில் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. செலவு சிறிதும் இல்லை. காயிலிலிருந்து சாவிக்குச் செல்லும் நிறுத்து கம்பியை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டு, மீண்டும் சுழற்றிப் பொறியைப் பார்க்க வேண்டும். பொறி வந்தால் காயில் நலமாக இருக்கின்றது. பழுது கம்பியிலோ சாவியிலோ விசைகளிலோ இருக்கின்றது. வராவிடில் மட்டுமே காயிலின்மீது ஐயம் கொள்ளலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நிறுத்து கம்பி கழன்றிருக்கும்போது சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. பாதுகாப்பு விசைகளும் வேலை செய்யா. ஆகவே பிளக் எஞ்சினுக்கு வெளியே இருக்கும்போது மட்டும் இச்சோதனையைச் செய்து, முடிந்தவுடன் கம்பியை மாட்டிவிட வேண்டும். மற்றொன்று, அக்கம்பிக்குப் பாட்டரியின் 12 வோல்ட்டை ஒருபோதும் கொடுத்துப் பார்க்கக் கூடாது. நல்ல காயிலும் கருகிவிடும்.

இச்சோதனையை அச்சங்கத்தின் கொட்டகையில் நாமும் ஓட்டுநரும் செய்தோம். சோதனைக் கருவியை மாட்டி, பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்துச் சுழற்றினோம். பொறி பளிச்சென்று வந்தது. “ஏறி உட்காருங்கள் அண்ணா” என்றோம். அவர் அமர்ந்து சுழற்றினார். பொறி இல்லை. இறங்கினார், வந்தது. ஏறினார், போயிற்று. அவர் நம்மைப் பார்த்தார். நாம் நிறுத்து கம்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் அமரச் சொன்னோம். இம்முறை அவர் அமர்ந்திருக்கும்போதே பொறி பாய்ந்தது.

இருக்கையைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் செல்லும் கம்பிகளில் ஒன்றின் மேலுறையை ஓர் அங்குல நீளத்துக்கு எலி கடித்திருந்தது. ஆள் அமர்ந்தவுடன் இருக்கையின் தகடு தாழ்ந்து, வெறும் செம்பைத் தொட்டது. பொறி எர்த் ஆகி அவிந்தது. மெக்கானிக் கீழே நின்றபடி ஓட்டிப் பார்த்ததால் பட்டறையில் பழுது தெரியவில்லை. ஓட்டுநர் ஏறினால் நின்றது என்பது முற்றிலும் உண்மையே. அதற்குக் காரணம் அவருடைய ராசியன்று, அவருடைய எடை.

புதிய கம்பி ஒரு துண்டு, மேலே போடும் உறை, கட்டும் கிளிப் இரண்டு. எல்லாம் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இருக்கையைத் தூக்கியபோது மற்றொன்றும் கண்டோம். வண்டியை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று யாரோ இருக்கை விசையைச் செயலற்றதாக்கியிருந்தார்கள். பழுது வேறிடத்தில் இருந்தமையால் அது பயன் தரவில்லை. ஆனால் பழுது நீங்கி வண்டி ஓடத் தொடங்கியிருந்தால், ஓட்டுநர் தேங்காய் மட்டையை அகற்ற இறங்கும்போதும் கத்தி நின்றிருக்காது. அடுத்த நொடி அவர் பாதம் எங்கே இருந்திருக்கும் என்று எண்ணுகையில் ரூ. 14,000 சிறிய தொகையாகத் தோன்றியது. அவ்விசையைப் பழையபடி இணைத்து, அது வேலை செய்கின்றதா என்று மும்முறை பார்த்த பின்னரே வண்டியை வெளியே விட்டோம்.

காயிலும் அதன் அண்டையும்

உண்மையிலேயே காயில் பழுதாவதும் உண்டு. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது இடைவெளி. காயிலின் கால்களுக்கும் பிளைவீல் காந்தத்துக்கும் இடையே, பல எஞ்சின்களில், 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். ஏறத்தாழ ஒரு முகவரி அட்டையின் கனம். அட்டையை இடையில் செருகி, காந்தம் காயிலை இழுத்துப் பிடித்ததும் திருகுகளை இறுக்கிவிட்டு, அட்டையை உருவிவிடலாம். காந்தத்திலும் கால்களிலும் துரு படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும்.

ஏறத்தாழ 1980-களின் தொடக்கம் வரை வந்த எஞ்சின்களில் மின்சாரத்தை அறுக்கும் வேலையைப் பிளைவீலுக்கு அடியிலுள்ள பாயிண்ட்டும் கண்டென்ஸரும் செய்தன. பாயிண்ட் முகங்களில் எண்ணெய்ப் பசையோ கரியோ படிந்தால் பொறி மங்கும். சுத்தம் செய்து, கையேட்டில் சொல்லிய இடைவெளியை வைத்தால் போதும். பின்னர் வந்தவற்றில் அவ்வேலை காயிலுக்குள்ளேயே மின்னணு முறையில் நடக்கின்றது.

சூடானபின் நிற்கும் எஞ்சினில் இரண்டு ஐயங்கள் எழும். காயில் சூட்டில் சோர்கின்றதா? அல்லது பெட்ரோல் டாங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்து எரிபொருள் வராமல் போகின்றதா? நின்றவுடன், ஆறுமுன், பொறியைப் பார்க்க. பொறி இல்லையெனில் காயில். பொறி இருந்து, மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் மூடியே குற்றவாளி.

நம் பகுதிக்கே உரிய பகைவன் ஒருவனும் உண்டு. சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம், பல்லடம் வட்டாரங்களில் தறிக்கூடத்தையும் நூற்பாலையையும் ஒட்டிய கொட்டகைகளில் வைக்கும் இயந்திரங்களின்மேல் பஞ்சுத் தூசி படிகின்றது. அது எஞ்சினின் குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே புல்தூளோடும் எண்ணெயோடும் கலந்து கம்பளிபோல் இறுகுகின்றது. சூடு வெளியேற வழியின்றிக் காயில் வேகின்றது. பருவத்துக்கு ஒருமுறையேனும் மேல்மூடியைக் கழற்றித் தூசியை எடுத்தல் வேண்டும்.

கத்தி கல்லில் மோதியபின் நேரும் பழுது தனி வகை. பிளைவீலையும் அச்சையும் பொருத்தும் சிறிய சாவிக்கட்டை மென்மையான உலோகத்தால் ஆனது. மோதலின் அதிர்ச்சியில் அது வெட்டுண்டு அச்சைக் காக்கின்றது. பிளைவீல் சிறிது நழுவிவிடுவதால் பொறி நன்றாக வந்தாலும் உரிய நொடியில் வாராது. அதே வகைச் சாவிக்கட்டையையே மீண்டும் போடுக. ஆணியையோ உருக்குத் துண்டையோ போட்டால், அடுத்த மோதலில் உடைவது அச்சாக இருக்கும். கத்தியின் அருகே கைவைக்குமுன் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுதல் எக்காலத்தும் மறவாத விதியாக வேண்டும்.

எரிபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை நம் நாட்டில் 2025-இல் எட்டப்பட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய எஞ்சினில் அத்தகைய பெட்ரோலை மாதக் கணக்கில் தேக்கிவைத்தால் பற்றாமைக்கு அதுவே காரணமாகலாம். பழி பொறியின்மேல் விழும். பருவம் முடிந்ததும் டாங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்துவைப்பது நலம்.

சங்கங்கள் மேற்கொள்ளத்தக்கவை

இவ்வனுபவத்தின்பின் நாம் ஆய்வு செய்யும் சங்கங்களுக்கு நான்கு யோசனைகளைக் கூறிவருகின்றோம்.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். ஓடிய மணி, நின்ற நாள், நின்றபோது கண்ட அறிகுறி ஆகியவற்றை ஓட்டுநரே எழுதட்டும். எழுதத் தெரியாவிடில் அவர் சொல்லச் செயலாளர் எழுதட்டும்.

பாகம் வாங்கும் சீட்டோடு, என்ன சோதனை செய்து இப்பாகம் பழுதென்று கண்டனர் என்ற ஒரு வரி இணைக்கப்பட வேண்டும்.

கழற்றிய பழைய பாகத்தைச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும். நாம் கண்ட சங்கத்தில் பழைய காயில் நல்வாய்ப்பாகக் கொட்டகை மூலையிலேயே கிடந்தது. மாட்டிப் பார்த்தோம், நல்ல பொறி தந்தது. இப்போது அது இருப்புப் பதிவேட்டில் உபரிப் பாகமாக ஏறியிருக்கின்றது.

பழுது பார்த்தபின், ஓட்டுபவரே அமர்ந்து, வேலை செய்யும் நிலையில் ஓட்டிக் காட்டிய பிறகே பணம் தர வேண்டும். இந்த ஒரு விதி இருந்திருந்தால் மூன்றாவது சீட்டு எழுதப்பட்டிராது.

தீர்மான வரைவு அடுத்த கூட்டத்தில் திரும்பப் பெறப்பட்டது. நிர்வாகக் குழுவினர் செலவைக் குறித்து வருந்தினர். முந்திய ஆண்டில் கேளாமல் விட்ட கேள்வியை நம் ஆய்வுக் குறிப்பிலும் ஒளிக்காமல் எழுதினோம். ஐந்நூறும் ஆயிரமுமாகப் பங்குத்தொகை கட்டியவர்களின் பணம் அது. கணக்குச் சரியாக இருப்பது வேறு, செலவு சரியாக இருப்பது வேறு என்பதை ஆய்வாளரும் கற்கவேண்டியிருக்கின்றது.

சில வாரங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது ஒரு தோப்பில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் நம்மைக் கண்டதும் கத்தியை விலக்கி, பிரேக்கை மிதித்து, சாவியை அணைத்து, பிறகே இறங்கினார். குறிப்பேட்டை இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். அன்றைய தேதிக்கு நேராக, தறிக்கூடத்தில் மீட்டர் கணக்கு எழுதிப் பழகிய கையால், ஓடிய மணி எழுதப்பட்டிருந்தது. அதனருகே, கம்பியைப் பார்த்ததற்கு அடையாளமாக, ஒரு சிறு கோடும் இடப்பட்டிருந்தது.